கண் வழியே பிதுங்கும் மாழை: வளைவதும் முறுகுவதும் ஏன்?
(பொழிவு)

 

தமிழர் வீட்டு அடுக்களையில் ஒரு சிறு பொறி உண்டு. அதனை உழக்கு என்பார் ஒருசாரார். நாழி என்பார் ஒருசாரார். குழல் என்பாரும் உளர். அடியில் துளையிட்ட வில்லை ஒன்று. அதன்மேல் பிசைந்த மாவு. மாவின்மேல் கட்டை. கட்டையை அழுத்தினால் மாவு துளையின் வடிவை ஏற்று நூலாய் இறங்குகிறது. வட்டத்துளை இட்டால் இடியாப்பம். விண்மீன் துளை இட்டால் முள்முறுக்கு. நீள்கீற்று இட்டால் ஓலைப் பக்கோடா. மாவு ஒன்று, வில்லை மாறப் பண்டம் மாறுகிறது.

இதே வேலையைச் செம்பிலும் பித்தளையிலும் அலுமினியத்திலும் எஃகிலும் செய்யும் பெருந்தொழில் ஒன்று உலகெங்கும் நடைபெறுகிறது. வீட்டுப் பலகணியின் சட்டமும், பேருந்தின் ஏணியும், மிதிவண்டி வளையமும் அவ்வாறு பிறந்தவையே. ஆங்கிலத்தில் 'எக்சுட்ரூசன்' என வழங்கும் அவ்வேலைக்குப் 'பிதுக்கல்' என்னும் சொல் தமிழில் அணியமாய் இருக்கிறது. எவரும் புதிதாய்ப் படைக்க வேண்டியதில்லை. பழத்தை அழுத்தக் கொட்டை பிதுங்குகிறது என்று சிற்றூர்ப் பிள்ளையும் சொல்லும். மொச்சையைத் தோல் நீக்கப் பிதுக்குவதால் அதற்குப் பிதுக்குப் பருப்பு என்றே பெயர். உலோகம் என்னும் வடசொல்லுக்கு மாழை என்பது நிகண்டுகள் தரும் தமிழ்ச்சொல். எனவே இன்றைய பொருள் மாழைப் பிதுக்கல். அதிலும் குறிப்பாக, நேராக வரவேண்டிய சட்டம் வளைந்தும் முறுகியும் வருவது ஏன் என்பது.

வளைவு வேறு, முறுக்கு வேறு. இதனை முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். நீண்ட சட்டம் வில்போல் ஒருபுறம் சாய்ந்தால் அது வளைவு. அச்சு மாறாமல் நேரே நீண்டு, தன் உடலை மட்டும் கயிறுபோல் திருகிக்கொண்டால் அது முறுக்கு. ஓரம் மட்டும் அலையலையாய் எழுந்து தாழ்ந்தால் நெளிவு. இவை மூன்றும் மூன்று நோய்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. பிதுக்குபொறியின் வாயருகே நின்று சட்டத்தை ஏந்தும் தொழிலாளி 'கோணலாய் வருகிறது' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அச்சைத் திருத்துபவர் அரத்தை எங்கே வைப்பது? அரம் எஃகைத் தின்றபின் அந்த எஃகு திரும்ப வராது. வளைவு, முறுக்கு, நெளிவு, கோட்டம், திருகல் எனத் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்க, எல்லாவற்றையும் 'பெண்டு' என்னும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் திணித்துச் சொல்வதால் கெடுவது மொழி மட்டுமன்று; நல்ல அச்சும் கெடுகிறது.

இனி, இத்தொழிலின் பிறப்பைச் சிறிது காண்போர் வியப்படைவர். 1797இல் இங்கிலாந்தின் சோசப்பு பிராமா என்னும் பொறிவல்லார் ஈயக்குழாய் செய்ய உரிமம் பெற்றார். நீரழுத்தப் பொறியைக் கண்டவரும் அவரே. ஆயினும் அவர் பிதுக்கிய முறை கையால் உந்துவதாகவே இருந்தது. 1820இல் தாமசு பர் என்பார் ஈயக்குழாய்ப் பிதுக்கலை நீரழுத்தப் பொறிக்கு மாற்றினார். ஈயம் மெல்லியது, அதற்கு அவ்வளவு போதும். பித்தளை போன்ற வன்மாழைகளைச் சூட்டில் பிதுக்கும் முறைக்கு 1894இல் அலெக்சாந்தர் திக்கு என்பார் வழி கண்டார். அலுமினியத்தை மின்னாற்றலால் மலிவாகப் பிரிக்கும் முறை 1886இல் அமெரிக்காவின் ஆல், பிரான்சின் எரூல் ஆகிய இருவராலும் தனித்தனியே கண்டறியப்பட்டதால், பிதுக்கலுக்கு மிக ஏற்ற மாழையும் கைக்கு வந்தது.

ஆனால் பிதுங்கும் மாழை உள்ளே என்ன செய்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டியவர் வேறொருவர். பிரான்சு நாட்டின் என்றி திரெசுக்கா. எஃகுக் கலத்துக்குள் ஈய வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மேலிருந்து அழுத்திக் கீழுள்ள துளைவழியே பிதுக்கினார். பின்னர் வெளிவந்த கோலை நெடுக்காக அறுத்துப் பார்த்தார். தட்டையாய் இருந்த வில்லைகள் ஒன்றுக்குள் ஒன்றாய்ச் செருகிய கிண்ணங்களைப்போல் நீண்டு கிடந்தன. ஒவ்வொரு வில்லையின் நடுவும் முன்னே ஓடியிருந்தது, விளிம்பு பின்தங்கியிருந்தது. திண்மப் பொருளும் ஆறுபோல் ஒழுகும் என்பதை 1864இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின்முன் அவர் எடுத்துரைத்தார். பாரிசின் ஈபில் கோபுரத்தில் பெயர் பொறிக்கப்பட்ட 72 அறிஞருள் அவரும் ஒருவர். வளையாமையையும் அவர் எண்ணினார் என்பது ஒரு சுவையான செய்தி: உலகுக்கெல்லாம் மீட்டர் அளவாய் 1889 முதல் 1960 வரை நின்ற பிளாட்டின - இரிடியக் கோலுக்குப் பெருக்கற்குறி போன்ற வெட்டுமுகம் வகுத்தவர் அவரே.

திரெசுக்காவின் கிண்ணங்களை உள்ளத்தில் இருத்திக்கொண்டால், மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

இன்றைய அலுமினியப் பொறியை எடுத்துக்கொள்வோர்க்கு முதலில் தெரிவது உருள்பாளம். 20 செ.மீ. குறுக்களவும் 80 செ.மீ. நீளமும் உள்ள பாளம் ஏறத்தாழ 68 கிலோ எடை நிற்கும். அதனை 450 முதல் 500 செல்சியசு பாகை வரை சூடேற்றுவர். அலுமினியம் உருகுவது 660 பாகையில்; ஆகவே இது உருகிய நிலையன்று, இளகிய நிலை. பாளத்தை எஃகுக் கலத்துக்குள் இட்டு, பின்னிருந்து உந்துதண்டு தள்ளும். முன்னே பிதுக்கச்சு, அதன் நடுவே வடிவம் வெட்டிய கண். கண்ணின் பரப்பு 6 சதுரச் செ.மீ. என்றால், பாளத்தின் வெட்டுமுகம் ஐம்பது மடங்குக்குமேல் ஒடுங்குகிறது, 80 செ.மீ. பாளம் 40 மீட்டர் அளவுள்ள சட்டமாகிறது. கடைசியில் கலத்துக்குள் நிற்கும் வில்லையைப் பிதுக்காமல் வெட்டி எறிவர்; பாளத்தின் அழுக்குத்தோல் அங்கே சேர்ந்துவிடும் என்பதால்.

சூடான அலுமினியம் கலச்சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. சுவரைத் தொட்ட மாழை நிற்க, நடுவிலுள்ளது ஓடுகிறது. கலமும் அச்சும் கூடும் மூலையிலோ ஒரு வளையப் பகுதி அசையவே அசையாது. ஆற்றின் வளைவில் தேங்கிய நீர்போல் கிடக்கும். ஒழுகும் மாழை அந்தத் தேங்குமாழையைக் கரையாகக்கொண்டு, அதனை உரசியபடி கண்ணை நோக்கிச் சரிகிறது.

வளைவின் கரணியம் இங்கேதான் தொடங்குகிறது. கண்ணின் எல்லாப் பகுதிக்கும் மாழை ஒரே விரைவில் வந்து சேர்வதில்லை. நடுவுக்கு அண்மையில் உள்ள பகுதி விரையும். சுவருக்கு அண்மையில் உள்ளது தளரும். தடித்த பகுதி விரையும். மெல்லிய பகுதி தளரும், ஏனெனில் மெல்லிய இடுக்கில் சிறிதளவு மாழையை இருபுறச் சுவர்களும் உராய்ந்து பிடிக்கின்றன. ஒரு கை தடித்தும் ஒரு கை மெலிந்தும் உள்ள மூலைச்சட்டம் ஒன்றைப் பிதுக்கினால், தடித்த கை முந்தும். இரண்டும் ஒட்டிய உடலாதலால் பிரிந்தோட இயலாது. எனவே சட்டம் வளைகிறது: விரைந்த பக்கம் வெளிவளைவாகவும் தளர்ந்த பக்கம் உள்வளைவாகவும். மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் விரைந்து மற்றொன்று தங்கினால் வண்டி தங்கிய பக்கமே திரும்பும் அல்லவா? அதே கணக்கு.

இந்த வேறுபாடு எவ்வளவு இருந்தால் தீங்கு? 10 செ.மீ. அகலச் சட்டத்தில் ஓர் ஓரம் மற்ற ஓரத்தினும் நூற்றுக்கு ஒரு பங்கே விரைந்து வருவதாகக் கொள்க. சட்டம் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லாகிவிடும். 6 மீட்டர் துண்டொன்றின் இரு முனைகளுக்கும் இடையே நூல் கட்டினால், நடுவில் நூலுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 45 செ.மீ. இருக்கும்! நூற்றில் ஒன்று என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. அதன் விளைவோ முழங்கையளவு.

ஓரிடம் விரைந்தும் தளர்ந்தும் வருவது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை படிப்படியாய் மாறினால்தான் முழுச்சட்டமும் வளையும். மெல்லிய ஓரம் மட்டும் தனியே விரைந்தால், தடித்த உடல் வளைய மறுக்கும்; மிகையான நீளம் போக்கிடமின்றி அலையாய் நெளியும். மெல்லிய ஓரம் மட்டும் தளர்ந்தால், உடல் அதனை இழுத்துக்கொண்டே வரும். மிகுந்தால் ஓரம் கிழியும். நெளிவைக் கண்டு வளைவுக்குரிய மருந்தைச் செய்வது எவ்வளவு பிழை என்பது இதனால் விளங்கும்.

மருந்து யாது? அச்சுக் கண்ணின் சுவர் அச்சின் முழுக் கனத்துக்கும் மாழையைத் தொடுவதில்லை. முகப்பில் சில மில்லிமீட்டர் மட்டுமே தொடும். அதற்குப் பின்னே கண் அகன்றுவிடும். தொடும் அந்தப் பட்டையை ஒட்டுமுகம் எனலாம். ஒட்டுமுகம் நீண்டால் உராய்வு மிகும், மாழை தளரும், குறுகினால் விரையும். ஆகவே தடித்த இடத்திலும் நடுவுக்கு அண்மையிலும் ஒட்டுமுகத்தை நீட்டியும், மெல்லிய இடத்திலும் நடுவுக்குத் தொலைவிலும் குறுக்கியும் அமைப்பர். ஒரே கண்ணின் சுற்றுவட்டத்தில் ஓரிடம் 2 மில்லிமீட்டரும் வேறிடம் 8 மில்லிமீட்டரும் இருத்தல் இயல்பு. விரைபவனுக்குக் கடிவாளம், தளர்பவனுக்கு அவிழ்ப்பு.

இங்கேதான் அரம் பிடிக்கும் கையின் பெருமை இருக்கிறது. புதிய அச்சை முதன்முறை பொறியில் இட்டு ஒரு பாளம் பிதுக்கிப் பார்ப்பர். வெளிவரும் முதல்முனையே பலவற்றைச் சொல்லிவிடும். எப்பகுதி முந்தியது, எப்பகுதி பிந்தியது என்பது அதன் நுனியில் எழுதியிருக்கும். திருத்துநர் அதனைப் படித்து, பிந்திய இடத்து ஒட்டுமுகத்தைப் பின்புறமிருந்து அராவிக் குறைக்கிறார். முந்திய இடத்தைத் தளரச்செய்ய வேண்டுமானால் ஒட்டுமுகத்தை நீட்ட இயலாது; எஃகு அராவக் குறையுமேயன்றி வளராது. அப்போது ஒட்டுமுகத்தின் முன்பகுதியை மிகச் சிறிய சாய்வாக அராவி, மாழை சிறிது நெருக்கப்பட்டே நுழையுமாறு செய்வர். ஒன்றிரண்டு பாகைச் சாய்வே போதும். பிழையாய் ஒருமுறை அராவியதை ஈடுசெய்ய வேறிடங்களையும் அராவ வேண்டிவரும். அராவ அராவ அச்சின் வாழ்நாள் குறையும்.

இனி முறுக்கு. இது வளைவினும் நுட்பமானது. வளைவுக்கு முன்னோக்கிய விரைவில் வேறுபாடு இருந்தால் போதும். முறுக்குக்கு அது போதாது. மாழை கண்ணைக் கடக்கும்போது பக்கவாட்டிலும் சுழல வேண்டும். வட்டமான பாளத்திலிருந்து வட்டமல்லாத கண்ணுக்கு மாழை வரும்போது நாலாபுறமிருந்தும் சரிந்து வருகிறது. கண்ணின் ஒரு கைக்கு இடப்புறமிருந்து மிகுதியாயும் வலப்புறமிருந்து குறைவாயும் மாழை வந்தால், அக்கை வலப்புறம் தள்ளப்படும். எதிர்ப்புறத்துக் கைக்கு இதற்கு நேர்மாறாய் நடந்தால், அது இடப்புறம் தள்ளப்படும். இரண்டும் சேர்ந்தால்? திருகாணியைத் திருப்பும் இரு விரல்கள். சட்டம் முறுகுகிறது.

எந்த வடிவம் வளையும், எந்த வடிவம் முறுகும் என்பதைப் பிதுக்கிப் பாராமலே ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கு ஒரு கண்ணாடி போதும். வெட்டுமுகத்தை ஒரு கோட்டால் பிளந்து, ஒருபாதியின் கண்ணாடி நிழலே மறுபாதியாய் அமைந்தால், இடப்புறம் திருக எவ்வளவு விசையோ வலப்புறம் திருகவும் அவ்வளவே இருக்கும். அவை ஒன்றையொன்று அழித்துவிடும். அத்தகைய சட்டம் கலத்தின் நடுவில் ஒழுங்காய் அமைந்தால் முறுகாது. ஆனால் அக்கோட்டின் வழியே வளையலாம். நேராய் நிறுத்திய கம்பத்தின் தலையில் குறுக்குக்கட்டை வைத்தாற்போன்ற வடிவம் இவ்வகை. நெடுக்கிலும் குறுக்கிலும் என இரு கோடுகளாலும் பிளந்து ஒத்திருக்கும் வடிவம் வளையவும் கரணியமில்லை, முறுகவும் கரணியமில்லை.

மூன்றாவதாய் ஒரு வகை உண்டு. மேல்முனையில் வலக்கையும் கீழ்முனையில் இடக்கையும் நீட்டி நிற்கும் கோல். இதனை எக்கோட்டால் பிளந்தாலும் கண்ணாடி ஒப்பு வாராது. ஆனால் அரைச்சுற்றுச் சுற்றினால் தன் வடிவமே தானாகும். இங்கே விரைவு வேறுபாடு இருபுறமும் ஒத்திருத்தலால் வளைவு எழாது. பக்கவாட்டுத் தள்ளலோ இருபுறமும் ஒரே சுழற்சிக்குத் துணைநிற்கும். எனவே இது வளையாமல் முறுகும்! இரண்டு கைகளும் நீளத்தில் வேறுபட்ட மூலைச்சட்டம் போன்ற எவ்வகை ஒப்பும் இல்லாத வடிவங்கள் வளைந்துகொண்டே முறுகும். திருத்துநரின் பொறுமையைச் சோதிப்பவை அவையே.

இக்கணக்கின்படி அடுக்களை முள்முறுக்கின் விண்மீன் துளை முறுக்கக் கூடாது. கண்ணாடி ஒப்பு அதற்கு உண்டு. உண்மையும் அதுவே. துளையிலிருந்து இழை நேராகவே இறங்குகிறது. அதனைச் சுருளாக்குவது பிழிபவரின் கை. முறுக்கு என்னும் பெயர்க்கு முழு உரிமை உடையது, விரல்நுனியால் மாவைத் திருகித் திருகி வட்டமிடும் கைம்முறுக்கே.

வடிவம் ஒழுங்காய் இருந்தும் சட்டம் முறுகுவது உண்டு. ஒரு கையின் ஒருபுறத்து ஒட்டுமுகம் எதிர்ப்புறத்து ஒட்டுமுகத்தினும் சிறிது நீண்டுவிட்டால், நீண்ட புறம் பிடிக்கும். சட்டம் அப்பக்கம் இழுபடும். வரைபடத்தில் இருந்த ஒப்பு அரத்தின் ஒரு பிசகில் அழிந்தது. ஆதலால் முறுக்கைத் திருத்துவோர் கையின் இருபுறங்களையும் எதிரெதிரே அளந்து ஒப்பிடுவர். வளைவைத் திருத்துவோரோ ஒரு கையையும் மற்றொரு கையையும் ஒப்பிடுவர். முறுக்கை வளைவென்று கேட்டு அரம் எடுத்தவர் கை நல்ல இடத்தையே தின்னும் என்று முன்னே கூறியதன் உட்பொருள் இதுதான்.

அச்சைவிட்டு வெளியே வந்தபின்னும் இடர் தீர்ந்தபாடில்லை. 500 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வரும் சட்டம் பச்சைமண் போன்றது. தன் எடையாலேயே தொய்யும். ஆகவே முன்முனையை ஓர் இழுபொறி கவ்விக்கொண்டு நேராக இட்டுச்செல்லும். பிறகு காற்றால் ஆற்றுவர். மெல்லிய பகுதி முதலில் ஆறிச் சுருங்கும். தடித்த பகுதி பின்னர் ஆறி, பின்னர்ச் சுருங்கும். கடைசியில் சுருங்கிய பக்கம் உள்வளைவாகச் சட்டம் வில்லிடும். அச்சு குற்றமற்றதாய் இருந்தும் விசிறியின் குற்றம் அச்சின் தலையில் விழுவதுண்டு.

இத்தனைக்கும் பின் எஞ்சும் சிறு வளைவை நீக்க ஒரு வழி உண்டு. சட்டத்தின் இரு முனைகளையும் கவ்விகளால் பற்றி, நூற்றுக்கு அரைப்பங்கு முதல் இரண்டு பங்குவரை நீளுமாறு இழுப்பர். மாழை தன் மீள்திறன் எல்லையைக் கடந்து நீளும்போது, முன்பு குறுகியிருந்த இழையும் நீண்டிருந்த இழையும் ஏறக்குறைய ஒத்த நீளத்தை அடைகின்றன, வில் நிமிர்கிறது. முறுக்கு இருந்தால் ஒரு கவ்வியை எதிர்ப்புறம் திருப்பிக்கொண்டே இழுக்க வேண்டும். வெறும் இழுப்புக்கு முறுக்கு முழுதும் அடங்காது. அளவுக்குமேல் இழுத்தாலோ சட்டம் மெலியும். மேற்பரப்பு கிச்சிலிப்பழத் தோல்போல் புள்ளியிடும். இழுத்து நிமிர்த்தபின், ஏறத்தாழ 180 பாகைச் சூட்டில் சில மணிநேரம் வைத்து உரமேற்றுவர். உரமேறியபின் நிமிர்த்தல் அரிது. ஆதலால் வரிசை மாறலாகாது.

நிமிர்த்தவே இயலாததைக் கழிவாகத் தள்ளி மீண்டும் உருக்குவர். அலுமினியத்தை அதன் மண்ணிலிருந்து மின்னாற்றலால் பிரிக்க, ஒரு கிலோவுக்கு 13 முதல் 15 அலகு மின்சாரம் செல்கிறது. மீள உருக்க அதில் நூற்றுக்கு 5 பங்கு அளவே போதும் என்பது ஆறுதல். ஆயினும் பாளத்தைச் சூடேற்றிய எரிபொருளும், பொறியின் உழைப்பும், அதனருகே வெந்த மனிதரின் பகற்பொழுதும் உருக்குலையில் திரும்பக் கிடைப்பதில்லை.

இன்று கணினியில் மாழையை நுண்கூறுகளாகப் பகுத்து, ஒழுக்கை முன்கூட்டிக் கணித்து, அச்சை வெட்டுமுன்னரே ஒட்டுமுகங்களை வகுக்கின்றனர். அதனால் திருத்தம் குறைந்துள்ளது, அரம் ஓய்ந்துவிடவில்லை. கலச்சூடு ஒருபுறம் சிறிது ஏறினாலும், அச்சு நெடுநாள் உழைத்துத் தேய்ந்தாலும், கணித்த ஒழுக்கு மாறிவிடும்.

குற்றமாய்க் கருதியதையே கலையாக்கியவரும் உளர். செருமனியின் தார்த்துமுண்டு பல்கலைக்கழகத்தார், அச்சுக்கு வெளியே ஒரு வழிகாட்டு வளையத்தை அமைத்து, அதனைச் சிறிது விலக்குவதால் பிதுங்கும்போதே சட்டத்தை வேண்டிய ஆரத்தில் வளைக்கும் முறையை ஆராய்ந்தனர். நேராய்ப் பிதுக்கிக் குளிரவிட்டுப் பின்னர் வளைப்பதினும் இதில் மாழைக்குத் துன்பம் குறைவு; வெட்டுமுகமும் நசுங்குவதில்லை. முறுக்குக்கும் இவ்வாறே பயன் கண்டனர். வன்மாழை துளைக்கும் துளைக்கோல்களின் உள்ளே குளிர்நீர்மம் செல்ல இரண்டு மெல்லிய புழைகள் வேண்டும். கோலின் வெளிப்பள்ளம் கொடிபோல் சுற்றிச் செல்வதால், உள்ளிருக்கும் புழையும் அதனுடன் சுற்றியாக வேண்டும். நேர்ப்புழை இட்டால் பள்ளம் அதனை அறுத்துவிடும். எனவே கார்பைடுத் தூளைப் பசையுடன் பிசைந்து, மாவாக்கி, புழைகளோடு பிதுக்கி, பிதுங்கும் கோலை அளவாக முறுக்கி, அதன் பின்னரே சூளையில் சுட்டு இறுக்குகின்றனர்.